தானே சரியாகிவிடும் என்றார்கள்

பத்தமடையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் எப்போதும் கோரை காய்ந்துகொண்டிருக்கும். தாமிரபரணிக் கரையில் அறுத்த கோரையைப் பிளந்து, உள்ளே இருக்கும் சோற்றைச் சுரண்டி எடுத்து, காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் நாள் கணக்கில் ஊறப்போட்டு, மறுபடியும் காயவைப்பார்கள். பட்டுப்பாய்க்கு என்றால் அந்தக் கோரையையும் தலைமுடி அளவுக்குக் கீற வேண்டும். உம்மாவுக்கு அது கைவந்த வேலை. நகத்தாலேயே கீறிவிடுவார்.

எனக்கு அந்த வேலை வரவே இல்லை. ஒரு பாவு நூல் மேலே, ஒரு பாவு நூல் கீழே என்று கோரையை ஓட்டிக்கொண்டு போனால், பத்து நூலுக்குள் ஒழுங்கு தப்பிவிடும். நூல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, என் விரல் நுனி எங்கே இருக்கிறது என்பது எனக்குச் சட்டென்று பிடிபடாது. உம்மா பொறுமையாக அவிழ்த்துவிட்டு மறுபடி ஓட்டச் சொல்வார். "இந்தப் பிள்ளைக்குக் கவனம் இல்லை" என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் சொன்னதை நானும் நம்பினேன்.

எனக்கு ஐந்து வயது இருக்கும்போது ஒரு கல்யாண வீட்டுப் புகைப்படத்தில் என் இடது கண் லேசாக மூக்குப் பக்கம் திரும்பியிருப்பதை வாப்பா பார்த்தார். திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் கூட்டிப்போய் ஒரு டாக்டரிடம் காட்டினார். டார்ச் விளக்கை அடித்துப் பார்த்த அவர், "ஒன்றுமில்லை. வளர வளரத் தானே சரியாகிவிடும். பயப்படாதீர்கள்" என்றார். வாப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. திரும்பி வரும் வழியில் எனக்குப் பனங்கிழங்கு வாங்கிக் கொடுத்தார். அது 1981ஆம் ஆண்டு.

1988இல் பள்ளியில் கண் பரிசோதனை நடந்தது. வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு அட்டையைப் பார்க்கச் சொன்னார்கள். மேலே இருந்த பெரிய எழுத்து மட்டும் கரியைத் தேய்த்தது போலத் தெரிந்தது. அதற்குக் கீழே எதுவும் இல்லை. நான் அழவில்லை. இரண்டு கண்ணாலும் பார்ப்பது என்றால் என்னவென்று தெரிந்தால்தானே ஒரு கண் இல்லை என்று அழ முடியும்? இம்முறை வேறொரு டாக்டர். அவர் சோதித்துவிட்டு வாப்பாவிடம் கேட்டார்: "ஐந்து வயதிலேயே கூட்டிக்கொண்டு வந்திருக்கக் கூடாதா?"

வாப்பா பதில் சொல்லவில்லை. வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, செருப்பின் வாரை அவிழ்த்து அவிழ்த்து மாட்டிக்கொண்டிருந்தார். அதை என்னால் மறக்க முடியவில்லை. வந்தோமே, ஐந்து வயதில்தானே வந்தோம் என்று அவர் சொல்லியிருக்கலாம். கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது நான் உயிரியல் ஆசிரியை. பாளையங்கோட்டையில் மேல்நிலை வகுப்புகளுக்குப் பாடம் நடத்துகிறேன். என் கண்ணில் என்ன நடந்தது என்பதை நான் தெரிந்துகொண்டது முதுகலை விலங்கியல் படித்தபோது, நூலகத்தில் இருந்த ஒரு தடித்த உடலியங்கியல் புத்தகத்தில். என் கண்ணில் கோளாறே இல்லை, கோளாறு மூளையில்! பிறந்த குழந்தையின் மூளைக்கு முழுதாகப் பார்க்கத் தெரியாது, அது பார்க்கப் பழக வேண்டும். இரண்டு கண்களும் அனுப்பும் செய்திகள் மூளையின் பின்பக்கத்தில் உள்ள பார்வைப் புறணியில் இடத்துக்குப் போட்டி போடுகின்றன. ஒரு கண் திரும்பியிருந்தாலோ மங்கலாக இருந்தாலோ மற்ற கண் அதன் இடத்தையும் எடுத்துக்கொள்கிறது. குறிப்பிட்ட வயதுக்குள் நல்ல கண்ணை மறைத்து, சோம்பிப்போன கண்ணை வேலை வாங்கினால் இடத்தை மீட்டுவிடலாம். அந்தப் பக்குவம் தாண்டிவிட்டால் மிகக் கடினம். டேவிட் ஹ்யூபெலும் டார்ஸ்டன் வீசலும் பூனைக்குட்டிகளில் இதைக் காட்டி நோபல் பரிசு வாங்கினார்கள். பரிசு கிடைத்த ஆண்டைப் படித்துவிட்டு நான் புத்தகத்தை மூடிவைத்தேன். 1981.

அதே அத்தியாயத்தில் இன்னொரு பெயர் இருந்தது. காலின் பிளேக்மோர். 1970இல் அவரும் கிரஹாம் கூப்பரும் செய்த சோதனையின் படம் போட்டிருந்தது. இருட்டில் வளர்க்கப்பட்ட பூனைக்குட்டி, நாளில் சில மணி நேரம் மட்டும் ஓர் உருளைக்குள் விடப்படுகிறது. உருளையின் உட்சுவர் முழுவதும் செங்குத்தான கறுப்பு வெள்ளைக் கோடுகள். தன் உடம்பைக்கூடப் பார்க்க முடியாதபடி கழுத்தில் அகலமான கறுப்புப் பட்டை. சில மாதங்கள் கழித்து அதன் பார்வைப் புறணியைச் சோதித்தால், கிடைக்கோடுகளுக்குத் துடிக்கும் நரம்பணுக்களே இல்லை. கண் பழகியதைத்தான் மூளை பார்க்கிறது. 1974இல் அவரும் வான் ஸ்லூய்ட்டர்ஸும் செய்த சோதனைதான் என் கதை. பூனைக்குட்டியின் ஒரு கண்ணை மூடி வளர்த்துவிட்டு, பிறகு அதைத் திறந்து மற்றதை மூடினார்கள். ஐந்து வார வயதில் மாற்றி மூடினால், இழந்த கண் முழு இடத்தையும் பிடித்துக்கொண்டது. பதினான்கு வாரத்தில் மாற்றினால் ஏறக்குறைய ஒன்றும் நடக்கவில்லை. நல்ல கண்ணை மறைக்கும் வைத்தியம் பழையது. பிரான்சில் பூஃபோன் 1743இலேயே அதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆனால் ஏன் பலிக்கிறது, எப்போது பலிக்காமல் போகிறது என்பதை நரம்பணு நரம்பணுவாகக் காட்டியது இந்தச் சோதனைகள்.

அந்தக் குட்டிகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது. இதை மறைத்துவிட்டு மேலே எழுத மனம் வரவில்லை.

பிளேக்மோர் 1944இல் இங்கிலாந்தின் ஸ்ட்ராட்ஃபோர்டில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்து, கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஹொரேஸ் பார்லோவிடம் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றார். 1976இல் பிபிசி வானொலி ஆண்டுதோறும் நடத்தும் ரீத் உரைகளை நிகழ்த்த அழைக்கப்பட்டபோது அவருக்கு வயது 32. அவ்வளவு இளைய வயதில் வேறு யாரும் அதுவரை அந்த உரைகளை நிகழ்த்தியதில்லை. மூளை எப்படி வேலை செய்கிறது என்பதை, படிக்காதவருக்கும் புரியும்படி, வானொலியில் பேசினார். நான் பிறந்த ஆண்டு அது. எங்கள் வீட்டில் வாப்பாவுக்குத் திருநெல்வேலி வானொலி நிலையம்தான் பள்ளிக்கூடம். பயிருக்கு என்ன மருந்து, அணையில் எவ்வளவு தண்ணீர், கடலில் காற்று எப்படி என்று வேளாண் அதிகாரிகளும் வானிலைக்காரர்களும் சொல்வதைக் காதை வைத்துக் கேட்பார். படித்தவர் ஒருவர் நம் வீட்டுக்குள் வந்து நம்மிடம் பேசுகிறார் என்ற மரியாதை அவர் உட்கார்ந்திருக்கும் விதத்திலேயே தெரியும். மூளை விஞ்ஞானி ஒருவர் வானொலியில் பேசினார் என்று படித்தபோது எனக்கு அந்த மரப்பெட்டி ரேடியோதான் கண்முன் வந்தது.

1979இல் பிளேக்மோர் ஆக்ஸ்ஃபோர்டில் உடலியங்கியல் பேராசிரியர் ஆனார். 1980களின் பிற்பகுதியில் விலங்குரிமைத் தீவிரவாதிகளின் கண் அவர் மேல் விழுந்தது. கண்ணை மூடித் தைத்த பூனைக்குட்டியின் படத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால் அந்தக் கோபம் போன இடம் வேறு. காரின் கண்ணாடியை உடைத்தார்கள். உறைக்குள் சவரத் தகடு வைத்து அனுப்பினார்கள். வெடிகுண்டுப் பொட்டலம் வீட்டுக்கு வந்தது. அவருக்கு மூன்று மகள்கள். பிள்ளைகளைக் கடத்துவோம் என்றும் மிரட்டல். 1998இல் பேரி ஹார்ன் என்ற விலங்குரிமைப் போராளி சிறையில் உண்ணாவிரதம் இருந்தபோது, அவர் இறந்தால் இன்னின்னாரைக் கொல்வோம் என்று ஓர் அமைப்பு அறிவித்தது. அதில் பிளேக்மோரின் பெயரும் இருந்தது.

விலங்குச் சோதனை செய்த எத்தனையோ பேர் அந்த நாட்டில் வாயைத் திறக்காமல் இருந்தார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், பிள்ளைகளை வைத்துக்கொண்டு யாருக்குத் துணிவு வரும்? பிளேக்மோர் பேசினார். நான் இதைச் செய்தேன், இன்ன காரணத்துக்காகச் செய்தேன், இதனால் இன்னது தெரிந்தது என்று மேடையேறிச் சொன்னார். எதிர்ப்பவர்களோடு விவாதம் செய்தார். அதைவிடப் பெரிய காரியம், 1990களின் தொடக்கத்தில் விலங்கு நல அமைப்பு ஒன்றின் தலைவரோடு பேசத் தொடங்கி, இரு தரப்பும் ஒரே மேசையில் உட்கார 'பாய்டு குழு' உருவாகக் காரணமாக இருந்தார். முகப்பூச்சுக்கும் உதட்டுச் சாயத்துக்கும் விலங்குகளை வதைக்கக் கூடாது என்பதில் அவருக்கும் எதிர்ப்பாளர்களுக்கும் கருத்து வேறுபாடே இல்லை. பிரிட்டனில் அழகுசாதனச் சோதனைகளுக்கான அனுமதி 1998இல் நின்றது.

இனி நான் சொல்ல வந்த விஷயம். அரசாங்கத்துக்கு ஒரு விஞ்ஞானி ஆலோசனை சொல்வது என்றால் என்ன?

பிரிட்டனில் 1980களில் மாடுகளுக்கு மூளை பஞ்சாகிப்போகும் நோய் வந்தது. நம் பத்திரிகைகள் பைத்தியப் பசு நோய் என்று எழுதின. மனிதருக்கு வருமா என்று பார்க்க ரிச்சர்ட் சவுத்வுட் என்ற விலங்கியல் பேராசிரியரின் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். 1989 பிப்ரவரியில் அறிக்கை வந்தது. மனிதருக்கு ஆபத்து வர வாய்ப்பு மிகக் குறைவு என்றது அறிக்கை. கூடவே இன்னொன்றும் சொன்னது: எங்கள் கணிப்பு தவறாகிப்போனால் விளைவுகள் மிகக் கடுமையாக இருக்கும். அரசு முதல் பாதியைப் பிடித்துக்கொண்டது. இரண்டாவது பாதியை யாரும் உரக்கப் படிக்கவில்லை. 1990 மே மாதம் வேளாண் அமைச்சர் ஜான் கம்மர் தொலைக்காட்சிக் கேமராக்களுக்கு முன்னால் தன் நான்கு வயது மகளுக்கு மாட்டிறைச்சி பர்கர் ஊட்டப் பார்த்தார். பயப்படாதீர்கள், ஒன்றுமில்லை. 1996 மார்ச் 20ஆம் தேதி, மனிதருக்கும் அந்த நோய் வந்திருக்கக்கூடும் என்று அதே அரசாங்கம் நாடாளுமன்றத்தில் சொல்ல வேண்டி வந்தது. பிரிட்டனில் 178 பேர் இறந்தார்கள். பலர் இளைஞர்கள்.

அந்த அறிக்கையை எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை. எனக்கு டார்ச் அடித்துப் பார்த்த டாக்டரும் பொய் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். குழந்தைகளின் பார்வை சில சமயம் தானாகச் சீராவதை அவர் பார்த்திருப்பார். சொல்லாமல் விட்டது ஒன்றுதான்: "ஒருவேளை சரியாகாமல் போனால் நேரம் கடந்துவிடும், ஆறு மாதத்தில் மறுபடி வாருங்கள்." அந்த ஒரு வரி இருந்திருந்தால் வாப்பா நடந்தாவது கூட்டிப்போயிருப்பார்.

பைத்தியப் பசுவில் சூடுபட்ட பிறகு அந்த நாட்டில் முறை கொஞ்சம் மாறியது. செல்போன் வந்து, ஊரெல்லாம் கோபுரம் முளைத்து, மூளையில் கட்டி வருமோ என்று மக்கள் பயந்தபோது, வில்லியம் ஸ்டூவர்ட் தலைமையில் ஒரு நிபுணர் குழு அமைந்தது. பிளேக்மோர் அதில் உறுப்பினர். அந்தக் குழு லண்டன், லிவர்பூல், எடின்பரோ, கார்டிஃப், பெல்ஃபாஸ்ட் என்று ஐந்து நகரங்களில் பொதுக்கூட்டம் போட்டு, வந்தவர்கள் சொன்னதை உட்கார்ந்து கேட்டது. 2000 மே மாதம் வெளியான அறிக்கையில், வரையறுத்த அளவுக்குள் இருக்கும் கதிர்வீச்சு பொதுவாக மக்கள் உடல்நலத்தைக் கெடுப்பதாக இதுவரை சான்று இல்லை, ஆனாலும் கெடுதலே இல்லை என்று சொல்லிவிட முடியாது, ஆகவே முன்னெச்சரிக்கை வேண்டும், பிள்ளைகள் தேவையில்லாமல் செல்போனில் பேசுவதைக் குறைக்க வேண்டும் என்று எழுதினார்கள். தெரிந்தது இவ்வளவு, தெரியாதது இவ்வளவு, அதற்குள் செய்ய வேண்டியது இது. நான் ஒரு டாக்டரிடம் எதிர்பார்த்ததும் இவ்வளவுதான்.

2011ஆம் ஆண்டு ஐப்பசியில் இடிந்தகரைக்குப் போனேன். என் மாணவி ஒருத்தியின் அக்காளுக்குக் குழந்தை பிறந்திருந்தது, பார்க்கப் போனேன். கூடங்குளம் அணு உலைக்கு எதிராக லூர்து மாதா கோயில் முன்னால் பந்தல் போட்டு ஊரே உட்கார்ந்திருந்த நாட்கள். ஜப்பானில் புகுஷிமா உலை வெடித்து ஏழு மாதம் ஆகியிருந்தது. 1988இல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கையெழுத்திட்ட திட்டம் அது. முதல் உலை ஓடத் தயாராகிக்கொண்டிருந்தது. மத்திய அரசு 15 பேர் கொண்ட நிபுணர் குழுவை அமைத்திருந்தது. குழுவினர் மக்கள் பிரதிநிதிகளோடு பேசியது திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில். நவம்பரில் அப்துல் கலாம் ஆலையைப் பார்வையிட்டு, முழுக்கப் பாதுகாப்பானது, மக்கள் பயப்பட வேண்டாம் என்றார். இந்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் பதவி 1999இல் உருவானபோது அதில் முதலில் அமர்ந்தவர் அவர். நாங்கள் எல்லோரும் நேசித்த மனிதர்.

அணு உலை வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கை இங்கே நான் எடுக்கவில்லை. பந்தலில் நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

மாணவியின் ஆச்சி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஜெபமாலை. நான் அறிவியல் ஆசிரியை என்று தெரிந்ததும் கேட்டார்: "டீச்சரம்மா, ஆலைக்குள் போகிற கடல் தண்ணீர் சூடாகித்தானே வெளியே வரும்? சூட்டுத் தண்ணீர் வந்தால் சாளை கரைப்பக்கம் வருமா, ஓடிப்போகுமா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. எவ்வளவு சரியான கேள்வி! பிற்பாடு நிபுணர் குழுவின் அறிக்கை வந்தபோது தேடிப் படித்தேன். பதில் அதில் இருந்தது. வெளியே விடும் தண்ணீர் கடல் நீரைவிட 7 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்கக் கூடாது என்று நிபந்தனை உண்டு. கடல்வாழ் உயிர்களைப் பற்றியும் பேசியிருந்தார்கள். எல்லாம் ஆங்கிலத்தில். அந்தப் பந்தலில் உட்கார்ந்திருந்த யார் அதைப் படிக்க முடியும்? நான் ஒரு கோடு போட்ட தாளில் இரண்டு பக்கத்துக்குத் தமிழில் எழுதி மாணவியிடம் கொடுத்தனுப்பினேன். அடுத்த வாரம் அவள் ஆச்சியின் பதிலோடு வந்தாள்: "சரி, அந்த 7 டிகிரியைத் தினமும் அளக்கப் போவது யார்? அளந்ததை எங்களிடம் வந்து சொல்வார்களா?"

2013 ஜூலையில் முதல் உலை இயங்கத் தொடங்கியது. ஆச்சியின் இரண்டாவது கேள்வி இன்னமும் என் மேசை இழுப்பறையில் அந்தத் தாளின் நகலோடு இருக்கிறது.

பிளேக்மோருக்கு வருகிறேன். 2003இல் அவர் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுக்குத் தலைமை நிர்வாகி ஆனார். 1913இல் தொடங்கிய அமைப்பு, நாட்டின் மருத்துவ ஆராய்ச்சிக்கு அரசுப் பணத்தைப் பங்கிட்டுக் கொடுப்பது. அவர் போன நேரத்தில் அதன் பெயர் கெட்டிருந்தது. நாடாளுமன்றக் குழு ஒன்று அந்த ஆண்டுதான் அதன் நிர்வாகத்தைக் கடுமையாகக் கண்டித்திருந்தது. நிதி கொடுக்கும் முறைகளை மாற்றினார். லண்டனின் மில் ஹில்லில் இருந்த பெரிய ஆய்வுக்கூடத்தை நகரத்துக்குள் மாற்றும் திட்டத்தில் அங்கிருந்த விஞ்ஞானிகள் பலர் அவரை எதிர்த்துக் கடுமையாகச் சண்டை போட்டார்கள். அந்தச் சண்டையிலிருந்து பிறந்ததுதான் இன்றைய பிரான்சிஸ் கிரிக் ஆய்வு நிறுவனம். நிர்வாகத்தில் எல்லோருக்கும் நல்லவராக அவரால் இருக்க முடியவில்லை.

பதவியேற்ற சில வாரங்களில் ஒரு ரகசிய ஆவணம் பத்திரிகையில் கசிந்தது. விலங்குகள் மீதான சர்ச்சைக்குரிய ஆய்வின் காரணமாக அவருக்கு அரசு விருது கொடுப்பதில் தயக்கம் என்று அதில் இருந்தது. விருது கிடைக்காததற்காக அவர் கோபப்பட்டிருந்தால் இதை எழுத எனக்கு ஒன்றும் இருக்காது. அவர் கேட்டது வேறு. விலங்குச் சோதனையின் அவசியத்தை வெளியே வந்து பேசுங்கள் என்று எங்கள் விஞ்ஞானிகளிடம் நான் சொல்கிறேன். அப்படிப் பேசியவரை அரசே ஒதுக்குமானால் நான் எந்த முகத்தோடு அவர்களிடம் போவேன்? பதவியை விட்டுவிடுவேன் என்றார். அரசாங்கம் வெளிப்படையாக அவர் பக்கம் நின்ற பிறகே அவர் அமைதியானார். 'சர்' பட்டம் வந்தது 2014இல். அப்போது அவருக்கு வயது எழுபது.

2007இல் கவுன்சில் பொறுப்பை முடித்த பிறகு, பைத்தியப் பசு நோயின் பாடத்திலிருந்து பிறந்த உணவுத் தர முகமையின் அறிவியல் ஆலோசனைக் குழுவுக்குத் தலைவரானார். அதே ஆண்டு டேவிட் நட் முதலிய மூவரோடு சேர்ந்து 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். இருபது போதைப் பொருட்களை அவை உடம்புக்கும் குடும்பத்துக்கும் சமூகத்துக்கும் செய்யும் கேட்டை வைத்து வரிசைப்படுத்தியபோது, கடையில் விற்கும் மது ஐந்தாவது இடத்தில் வந்தது. புகையிலை ஒன்பதாவது. சட்டம் தடை செய்திருந்த கஞ்சா அவற்றுக்குக் கீழே பதினொன்றாவது. கஞ்சா நல்லது என்று அவர்கள் சொல்லவில்லை. சட்டத்தின் வரிசையும் கேட்டின் வரிசையும் ஒன்றாக இல்லை என்றார்கள். 2003 முதல் அரசே கடை வைத்து மது விற்கும் மாநிலத்தில் இருந்துகொண்டு அந்த வரிசையைப் படித்தேன். மாதத்தின் முதல் வாரம் என் வகுப்பில் எந்தப் பிள்ளைகள் சாப்பிடாமல் வருகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஐந்தாவது இடம் என்பது எனக்குச் சில முகங்கள்.

நட் அரசின் போதைப்பொருள் ஆலோசனைக் குழுவின் தலைவராக இருந்தார். இதே கருத்தை ஓர் உரையில் சொன்னதற்காக 2009 அக்டோபர் 30ஆம் தேதி உள்துறை அமைச்சர் ஆலன் ஜான்சன் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். குழுவிலிருந்து வேறு சிலரும் வெளியேறினார்கள். ஆலோசனையை ஏற்பதும் மறுப்பதும் அரசின் உரிமைதான். ஓட்டு வாங்கியவர்கள் அவர்கள். ஆனால் ஏற்காத ஆலோசனையைச் சொன்னவரையே நீக்கினால், அடுத்து வருபவர் அமைச்சரின் முகத்தைப் பார்த்துத்தான் வாயைத் திறப்பார்.

பிளேக்மோர் 2022 ஜூன் 27ஆம் தேதி இறந்தார். இயக்க நரம்பணுக்கள் ஒவ்வொன்றாகச் சாகும் நோய் அவருக்கு. செய்தியைப் படித்த அன்று வகுப்பில் நரம்பு மண்டலப் பாடம் எடுக்கவிருந்தேன். பாடத்தை விட்டுவிட்டு அவரைப் பற்றிப் பேசினேன். ஒரு மாணவி எழுந்து, "அந்தப் பூனைக்குட்டிகள் பாவம் இல்லையா மிஸ்?" என்று கேட்டாள். பாவம்தான் என்றேன். தவளை அறுப்பதை நாம் பள்ளிகளில் நிறுத்திவிட்டது நல்லது என்றும், வேறு வழி இருக்கும் இடத்தில் எந்த உயிரையும் தொடக் கூடாது என்றும் சொன்னேன். பிறகு என் வலது கண்ணை மூடிக்கொண்டு, அவளை ஒரு புத்தகத்தை எடுத்துக் காட்டச் சொன்னேன். அட்டையில் இருந்த தலைப்பை என்னால் படிக்க முடியவில்லை. இருபது ஆண்டு ஆசிரியர் வேலையில் மாணவிகளிடம் நான் இதைக் காட்டியது அன்றுதான்.

என் மகள் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2009இல் அவளுக்கு நான்கு வயது. எனக்கு வந்தது அவளுக்கும் வருமோ என்ற பயத்தில் நானே கூட்டிப்போனேன். இடது கண்ணில் அதே சோம்பல். அந்த டாக்டர் ஓர் இளம்பெண். நாற்காலியை இழுத்து எனக்கு எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்து சொன்னார்: "நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் ஒட்டி மறைக்க வேண்டும். இந்த வயதில் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பார்வை ஏறுகிறது. உங்கள் மகளுக்கு எவ்வளவு ஏறும் என்று என்னால் இப்போது சொல்ல முடியாது. முழுதாக வராமலும் போகலாம். இரண்டு மாதம் கழித்துப் பார்ப்போம், அப்போது இன்னும் கொஞ்சம் தெரியும்."

ஒட்டுப்போட்ட முதல் வாரம் மகள் பிய்த்துப் பிய்த்து எறிந்தாள். சுவரில் மோதினாள். அவள் அழும்போது எனக்குக் கோட்டு உருளையும் குட்டியும் நினைவுக்கு வரும். வாப்பா அப்போது இருந்தார். தினமும் மாலையில் அவளை மடியில் வைத்துக்கொண்டு, ரேடியோவைப் போட்டுவிட்டு, ஒட்டைப் பிய்க்காமல் அவள் கைகளைப் பிடித்துக்கொள்வார். உம்மா தறிக்கு முன்னால் உட்கார வைத்து, நீலக் கோரை எத்தனை, சிவப்புக் கோரை எத்தனை என்று எண்ணச் சொல்வார். தப்பாக எண்ணினால் மறுபடி முதலிலிருந்து. எனக்குச் சொன்ன அதே பொறுமையோடு.

எட்டு மாதம் ஆனது. ஒரு நாள் மாலை, கண்ணில் ஒட்டுடன், உம்மா ஓட்டி முடித்த பாயின் ஓரத்தில் மகள் விரலை வைத்தாள்.

"மூத்தம்மா, இங்கே ஓர் இழை கீழே போகாமல் மேலேயே போய்விட்டது."

உம்மா குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் அந்த வரிசையை அவிழ்க்கத் தொடங்கினார்.